சமையல்காரர் பெயர் தெரிகிறது, நெல்லின் பெயர்?

இயற்கை வேளாண்மை பேசுகிற நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பீட்சா, பாஸ்தா என்று காதில் விழுந்தாலே 'மைதா, நஞ்சு, வெள்ளைக்காரன் குப்பை' என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவோம். கூட்டத்தில் இதற்குக் கைதட்டும் கிடைக்கும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இத்தாலிக்காரர் சாப்பாட்டைத் திட்டுவதால் நம் உழவருக்கு ஒரு பைசா வரப்போவதில்லை. அவர்கள் தங்கள் விளைபொருளுக்குப் பெயர் வைத்துக் காப்பாற்றிய விதத்தைப் பார்த்தால் ஏதாவது வரலாம்.

ஜேமி ஆலிவர் என்று ஓர் ஆங்கிலேயச் சமையல்காரர். 1999இல் பிபிசி தொலைக்காட்சி மூலம் பிரபலமானவர். 2005இல் அந்நாட்டுப் பள்ளிகளில் போட்ட மட்டமான மதிய உணவை எதிர்த்துத் தொலைக்காட்சியிலேயே சண்டை போட்டு, அரசைக் கூடுதல் பணம் ஒதுக்க வைத்தார். அந்த வகையில் நம்ம ஆள்தான். 2008இல் ஆக்ஸ்ஃபோர்டில் 'ஜேமீஸ் இத்தாலியன்' என்ற உணவகத்தைத் தொடங்கினார். அது பல நாடுகளுக்குப் பரவி, 2015இல் தில்லி வசந்த் குஞ்ச்சுக்கும் வந்தது.

2017இல் விதை பற்றிய ஒரு கூட்டத்துக்காகத் தில்லி போயிருந்தேன். குர்கானில் வேலை பார்க்கும் அக்கா மகன், "மாமா, டிவில வர்றவரு கடை, ஒரு தடவ பாத்துருங்க"ன்னு கூட்டிக்கிட்டுப் போனான். முதலில் ஒரு நீளமான மரப்பலகை வந்தது. அதன் மேல் காய்கறி, பாலாடைக்கட்டி வகையறா. பலகைக்கு முட்டுக் கொடுத்திருந்தது என்ன தெரியுமா? தக்காளி டப்பாக்கள். நம்ம ஊரில் தக்காளி விலை விழுந்தால் ரோட்டோரம் கொட்டுவோம். இங்கே காலி டப்பாவைக்கூட நடு மேசையில் வைத்துப் பெருமைப்படுகிறார்கள். பாஸ்தா நம்ம நாக்குக்கு முக்கால் வேக்காடு. அதுதான் பக்குவமாம், சரி. பீட்சா மேலே ஒரு பச்சை இலை கிடந்தது. கிள்ளி மோந்து பார்த்தேன்.

"மாப்ள, இது நம்ம திருநீத்துப் பச்சிலைடா!"

"பேசில் மாமா."

"பேர் என்னவா இருந்தா என்ன, வேலியில கெடக்குறதுதானே."

சப்ஜா விதை என்று சர்பத்தில் போடுகிறோமே, அந்தச் செடிதான். இத்தாலியின் ஜெனோவா பக்கம் இதை அரைத்துச் செய்யும் பெஸ்டோ துவையலுக்கு உலகமெங்கும் கிராக்கி. நம் ஊரில் அதற்கு ஒரு கட்டு இவ்வளவு என்று விலைகூடக் கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீலகிரி, பழனி மலைப் பக்கம் விளைந்த சம்பா கோதுமையும் இத்தாலியர் 'ஃபார்ரோ' என்று சொல்லும் கோதுமையும் ஒரே இனம். அங்கே கார்ஃபக்னானா என்ற மலைப் பள்ளத்தாக்கில் விளையும் ஃபார்ரோவுக்கு 1996லேயே ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள். நம்முடைய சம்பா கோதுமையை எந்த மலையில் விளைந்தது என்று கேட்டு வாங்குகிற கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தக்காளிக்கு வருவோம். தக்காளி இத்தாலிக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. இரண்டு பேருக்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனால் வெசுவியஸ் எரிமலையை ஒட்டிய மண்ணில் விளையும் சான் மர்சானோ என்ற நாட்டுரகத்தை அவர்கள் விடவில்லை. வைரஸ் நோயாலும் ஒட்டுரகங்களாலும் கிட்டத்தட்ட அழிந்துபோன ரகம் அது. மீட்டெடுத்து, 1996இல் சட்டப் பாதுகாப்பும் வாங்கினார்கள். குறிப்பிட்ட ஊர்களுக்கு வெளியே விளைந்ததை அந்தப் பாதுகாக்கப்பட்ட பெயரில் ஐரோப்பாவில் விற்க முடியாது.

இதைச் சொன்னதும் இத்தாலி உழவர் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே காய்கறி பறிக்கிற கைகளில் பல ஆப்பிரிக்கர், பஞ்சாபியர் கைகள். கங்காணி முறைக்குக் 'கப்போரலாத்தோ' என்று அங்கே பெயரே இருக்கிறது. அதற்கு எதிராக 2016இல் கடுமையான சட்டம் போட்டார்கள். போட்ட பிறகும் 2024 ஜூனில், ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதிப் பண்ணையில் இயந்திரத்தில் சிக்கிக் கை துண்டான பஞ்சாப் தொழிலாளி ஒருவரை, மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் இறந்துபோனார். டப்பாவில் ஊர்ப் பெயர் இருந்தால் மட்டும் கூலிக்காரர் உயிருக்குப் பாதுகாப்பு வந்துவிடாது. பெயருக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

பார்மிஜானோ பாலாடைக்கட்டியில் ஓரளவு சரியான ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கான சங்கம் 1934இல் தொடங்கியது. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோதெனா முதலான குறிப்பிட்ட பகுதிப் பால் மட்டும்தான். மாட்டுக்கு சைலேஜ் எனும் ஊறுகாய்ப் புல் போடக்கூடாது. 12 மாதம் முதிராமல் முத்திரை கிடைக்காது. ஒரு சக்கரக் கட்டி சுமார் 40 கிலோ, அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால் போகிறது. மாடு என்ன தின்றது என்பதுகூடக் கட்டியின் தரத்தோடு சேர்ந்ததாக இருப்பதால், அந்தப் பாலுக்குச் சாதாரணப் பாலைவிடக் கூடுதல் விலை.

இப்போது நம்ம ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாருங்கள். பால்கோவாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்தி, சந்தோஷப்பட்டோம். ஆனால் மாடு வைத்திருக்கிற வத்திராயிருப்பு ஆளுக்கு அதற்குப் பிறகு லிட்டருக்கு என்ன கூடியது? கொழுப்பும் எஸ்.என்.எஃப்.பும் பார்த்துத்தான் இன்றைக்கும் பாலுக்கு விலை. மேற்கு மலை அடிவாரத்துப் புல்லைத் தின்ற மாட்டுப் பாலா, கடைத் தீவனம் மட்டும் தின்றதா என்று கேட்பாரில்லை. குறியீடு இனிப்புக்கு வந்தது, பாலுக்கு வரவில்லை.

சமையல்காரர் பெயரை நம்பலாமா? ஜேமி ஆலிவர் கதையே பதில். 2019 மே 21இல் பிரிட்டனில் அவருடைய உணவக நிறுவனம் திவாலானது. 25 கடைகளில் 22ஐ அன்றே மூடினார்கள். சுமார் 1000 பேருக்கு வேலை போனது. இந்தியக் கடைகள் வேறு நிறுவனத்தின் கையில் உரிம ஒப்பந்தத்தில் இருந்ததால் அதோடு சேர்ந்து விழவில்லை. இப்படி ஒரு நிறுவனம் விழும்போது ஈடு வாங்கி வைத்த வங்கி முதல் வரிசையில் நிற்கும். காய்கறியும் கறியும் கடனுக்குக் கொடுத்தவன் கடைசி வரிசை. அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்பது இதில் சேர்த்தி இல்லை. வாடகை, மாலில் இடம், அலங்காரம் எல்லாம் ஏறிக்கொண்டே போனால் எந்தப் புகழும் தாங்காது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நம்மூர் நட்சத்திர விடுதிகளிலும் இப்போது கருப்புக் கவுனிப் பாயசம், மாப்பிள்ளைச் சம்பா சோறு என்று போடத் தொடங்கிவிட்டார்கள். நெல் ஜெயராமன் ஊர் ஊராய் அலைந்து 174 ரகங்களை மீட்டு வைத்துவிட்டு 2018இல் போய்ச் சேர்ந்தார். அந்த உழைப்பின் பலன், தொலைக்காட்சியில் கரண்டி பிடிக்கிறவர் பெயரில் ஓடிவிடக் கூடாது. அவர் பெயர் இருக்கட்டும், ரகத்தின் பெயரும் விளைந்த ஊரின் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

நட்சத்திர விடுதியை விடுங்கள். ராஜபாளையத்திலிருந்து வத்திராயிருப்பு வரை எந்த ஓட்டலிலாவது 'இன்று போடுவது இன்ன அரிசி' என்று எழுதியிருக்கிறதா? 'சாப்பாடு ரெடி' என்ற பலகை மட்டும்தான். பிளவக்கல் தண்ணீர் பாய்ந்து விளைகிற நெல், ஆலைக்குப் போய், பையில் மயில் படமும் மான் படமும் போட்டு, ஊர் பேர் இல்லாமல் நமக்கே திரும்பி வருகிறது. பெயருக்கு என்ன சக்தி என்று கேட்பவர்கள் பக்கத்துக் கூமாப்பட்டியைப் பார்க்கட்டும். 2025இல் ஒரு வீடியோ ஓடியது, வண்டி வண்டியாக ஜனம் வந்து இறங்கியது. வந்தவர்கள் கண்மாயைப் படம் எடுத்தார்கள். அந்தக் கண்மாயில் விளைந்த அரிசியில் ஒரு கிலோ வாங்கிப் போக நாம் வழி செய்து வைத்திருக்கவில்லை.

நண்பர்கள் சிலர் சேர்ந்து, எங்கள் ஊரில் மெஸ் நடத்துகிற ஓர் அக்காவிடம் பேசினோம். அரிசியின் பெயரையும் வயல் இருக்கும் ஊரையும் வாசல் பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும், வெளி விலையைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும், இவ்வளவுதான் கேட்டது. அக்கா யோசிக்கவே இல்லை.

"எழுதுறது பெரிய காரியமா தம்பி? எழுதிப் போட்டுட்டு, அடுத்த மாசம் அரிசி இல்லேன்னு நீங்க கைய விரிச்சா சாப்பிட வர்றவன் என்னையத்தான கேப்பான். வருசம் பூரா ஒரே அரிசி குடுப்பீங்களா, அதச் சொல்லுங்க."

பார்மா சங்கக்காரர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் நின்றிருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். மெஸ்ஸுக்கு நாளைக்கு 15 கிலோ அரிசி, மாதம் 450 கிலோ. நூறு கிலோ நெல்லுக்கு 65 கிலோ அரிசி என்று வைத்தால் மாதம் 700 கிலோ நெல், வருசத்துக்கு எட்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே. நாட்டு ரகம், ரசாயன உரம் இல்லாமல், 75 கிலோ மூட்டையில் ஏக்கருக்கு 18, 19 மூட்டை எங்கள் பக்கம் எடுக்கலாம். ஆக ஒரே ஒரு மெஸ்ஸுக்கு ஆறு ஏக்கர் வேண்டும். அறுத்த நெல்லைப் பூச்சி விழாமல் வைக்க ஒரு குதிரோ அறையோ வேண்டும், மாதாமாதம் அரைத்துக் கொடுக்கச் சின்ன ஆலை ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை நான்கு ஏக்கருக்கு ஆள் சேர்ந்திருக்கிறது. ஒரே ரகம் என்பதில்தான் இழுபறி. தூயமல்லி என்கிறார் ஒருவர், சீரகச் சம்பாதான் விலை போகும் என்கிறார் இன்னொருவர். மெஸ் அக்காவுக்கு இரண்டு ரகத்தையும் இரண்டு படி கொடுத்திருக்கிறோம். வடித்துப் பார்த்து, சாப்பிடுகிறவர்கள் எதைக் கேட்டு மறுசோறு வாங்குகிறார்களோ அதை விதைப்பது என்று பேச்சு. இன்னும் இரண்டு ஏக்கருக்கு, வத்திராயிருப்பு சுற்றுவட்டாரத்தில் நிலமும் கிணற்றுத் தண்ணீரும் உள்ளவர்கள் நாற்றுப் பாவும் முன் வந்து பேசினால் நல்லது.