அரை மணி ஜெர்மன்: அவசரம் வேண்டாம், ஒழுங்கு வேண்டும்

மும்பையில் தாராவி, சயான், முலுண்டு பக்கமெல்லாம் தமிழ்க் குடும்பங்களில் இப்போது ஜெர்மன் மொழியைப் பற்றிய பேச்சு அடிபடுகிறது. நர்ஸ் வேலை பார்க்கும் மகள், ஐ.டி.ஐ. முடித்த மகன், ஏன், ஆபீஸ் குமாஸ்தாகூட "கற்றால் என்ன?" என்று யோசிக்கிறார். பயிற்சி பெற்ற வெளிநாட்டுத் தொழிலாளருக்கு ஜெர்மனி 2020 மார்ச் 1 முதல் புதிய சட்டத்தின் மூலம் கதவை அகலத் திறந்துவிட்டது. ஆகவே ஆசையில் தவறில்லை. அவசரத்தில்தான் தவறு.

கடன் வாங்கி அவசர வகுப்பில் சேர்வதும், முதல் மாதம் இரவு பகலாகப் படிப்பதும், ஓவர்டைம் வந்ததும் புத்தகத்தைப் பரணில் போடுவதும் பல வீடுகளில் நடக்கிறது. பணம் போவதோடு, "நமக்கு மொழி வராது" என்ற தாழ்வும் மனத்தில் தங்கிவிடுகிறது. இது வீண் தாழ்வு. ஊரிலிருந்து வந்த தமிழர் ஹிந்தியையும் மராத்தியையும் எந்தப் பள்ளியில் கற்றார்? அன்றாடம் காதில் விழுந்தது, அன்றாடம் வாயில் வந்தது. ஜெர்மன் மும்பைத் தெருவில் காதில் விழாது. அந்த அன்றாடப் பழக்கத்தை வீட்டிலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நாளுக்கு அரை மணி போதும்.

கணக்குப் போட்டால் தெரியும்

மாக்ஸ் முல்லர் பவன் என்று இந்தியாவில் அறியப்படும் கதே நிலையம், முதற்படியான ஏ1-க்கு 45 நிமிடப் பாடங்கள் 80 முதல் 200 வரை தேவை என்கிறது. அதாவது 60 முதல் 150 மணி நேரம். நாளுக்கு அரை மணி வீதம் நான்கு மாதத்திலிருந்து பத்து மாதம். நர்ஸ் வேலைக்குப் பொதுவாகக் கேட்கப்படும் பி2-க்கு இதுபோல் மூன்று நான்கு மடங்கும் அதற்கு மேலும் ஆகும். அந்தப் படியை நாடுவோர் பின்னால் நேரத்தைக் கூட்டத்தான் வேண்டும். ஆனால் ஏ1-இல் கால் ஊன்றாமல் பி2-க்குத் தாவ முடியாது.

ஒரு ஜெர்மானியர் காட்டிய வழி

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்ற ஜெர்மானியர். பிறகு தமக்கென ஒரு நாள் அட்டவணை வகுத்துக்கொண்டார். காலை 7 முதல் 8 வரை, முன்பு எழுதிவைத்த சொற்களையும் தொடர்களையும் திருப்பிப் பார்ப்பார். அதன் பிறகே புதிய நூல். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலே நகரில் அச்சேறியது. அவருக்கிருந்த நேரம் ஒரு குமாஸ்தாவுக்கு இல்லை. பழையது முதலில், புதியது பிறகு என்ற முறையை யாரும் கைக்கொள்ளலாம்.

அரை மணியை இப்படிப் பங்கிடலாம். முதல் 5 நிமிடம் நேற்றைய சொற்கள். அடுத்த 10 நிமிடம் ஒரு சிறு பாடத்தைக் கேட்பது. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்ல வழங்கும் 'நிக்கோஸ் வேக்' என்ற பாடத்தொடர் இலவசமாகவே கிடைக்கிறது. பின் 10 நிமிடம் அதே வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லி, சொந்தமாக ஐந்து வாக்கியம் எழுதுவது. கடைசி 5 நிமிடம் ஐந்து புதிய சொற்களை நோட்டில் ஏற்றுவது. ஞாயிற்றுக்கிழமை புதிய பாடம் வேண்டாம், வாரத்தைத் திருப்பிப் பார்த்தால் போதும்.

ஷிப்டு மாறுகிறவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். டியூட்டிக்குக் கிளம்புமுன் காப்பி குடித்ததும் நோட்டைத் திறப்பது என்று வைத்துக்கொள்ளட்டும். லோக்கல் ரயில் நெரிசலில் எழுத முடியாது, பழைய பாடத்தைக் காதில் கேட்கலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். அந்தச் சுமைதான் மூன்றாம் நாளையும் கெடுக்கும்.

எளிதும் கடினமும்

ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு டேர், டீ, டாஸ் என்று மூன்று பால்கள். சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், சிறுமியைக் குறிக்கும் சொல்லோ இரண்டுமில்லாத மூன்றாம் பால்! பொருளைப் பார்த்துப் பால் சொல்லும் தமிழருக்கு இது திகைப்பு. சொல்லை முன்னொட்டோடு சேர்த்தே மனனம் செய்வதுதான் வழி. "ஹால்ப் ஆஹ்ட்" என்றால் சொல்லுக்குச் சொல் "அரை எட்டு". நேரம் ஏழரை, எட்டரை அல்ல. தவறாகக் கொண்டால் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம்! மறுபக்கம், குறில் நெடில் வேறுபாடு தமிழருக்குப் பழக்கமானது. "ஏனென்றால்" என்று காரணம் சொல்லும் வாக்கியத்தில் வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் நிற்கும்.

தனியாகப் படிப்பவரின் உச்சரிப்பைத் திருத்த ஆளில்லை என்பது உண்மையே. அதற்கு ஆசிரியர் வேண்டும். ஆனால் ஆறு மாதம் அரை மணி நோட்டைக் காப்பாற்றியவர் வகுப்புக்குப் பணம் கட்டினால் அந்தப் பணம் வீணாகாது. அந்த ஆறு மாதத்தைக் கடக்காதவர் கடன் வாங்கிக் கட்டுவது வீண்.

பத்துக்குப் பத்து அறையில் வாய்விட்டுப் படிக்கக் கூச்சமாக இருக்கலாம். பக்கத்தில் பாடம் எழுதும் பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டும், நான்காம் நாள் அதுவும் சேர்ந்து சொல்லும். எறும்பு ஊரக் கல்லும் தேயும். இன்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஐந்து சொல் எழுதினால், நாளைக்குத் திருப்பிப் பார்க்க ஐந்து சொல் இருக்கும்.