அஞ்சலில் வரும் மாத்திரை

கருக்கலைப்பு மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோனை அஞ்சலில் அனுப்பக் கூடாதென்று தொடுக்கப்பட்ட வழக்கை, தொடுத்தவர்களுக்கு அந்த உரிமை இல்லையென்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 13.6.2024இல் தள்ளியது. கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைத் தடுக்கும் அம்மருந்து மலேசியாவில் பதிவு பெறவில்லை. ஆகவே, கைப்பேசி வழி வாங்கும் பொட்டலத்தில் இருப்பது எதுவென யாரும் உறுதிகூற முடியாது. கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருந்தால் அசல் மாத்திரையும் பயன்படாது, உயிருக்கே ஆபத்து.

ஆனால், 1989இல் திருத்தப்பட்ட குற்றவியல் சட்டம் 312ஆவது பிரிவு, தாயின் உயிருக்கோ உடல், மனநலத்துக்கோ ஆபத்தென்று கருதும் பதிவுபெற்ற மருத்துவர் கருவைக் கலைக்க இடமளிக்கிறது. மலாக்காத் தோட்டப்புறப் பெண்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? இனப்பெருக்கப் பாடம் நடத்தும் ஆசிரியர்களாகிய நாம் இதையும் சொல்லித் தரவேண்டும். நம் மௌனம்தான் அவர்களை அந்தப் பொட்டலத்தை நாட வைக்கிறது.