திருட்டுக் காற்று

தந்தை வாங்கிய காரை மகன் ஓட்டுகின்ற வீடுகள் நம்மிடையே இன்னும் உள்ளன. அம்பாஸிடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் பொருத்திய பழைய மாருதி 800 ஆகியவை அவ்வீடுகளின் வாசலில் நிற்கின்றன. அம்பாஸிடர், மாருதி 800 ஆகிய இரண்டின் உற்பத்தியும் 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயிற்று. ஆகவே இத்தகைய வண்டியை வைத்திருப்போர் அதன் குறைகளைத் தாமே ஓரளவேனும் அறிந்திருத்தல் நல்லது.

இவ்வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறை ஒன்று உண்டு. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் குலுங்கும், ஐட்லிங் நிற்காது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் தடுமாறிய பின்னரே வேகம் எழும். உடனே பழி கார்புரேட்டரின் மீது விழுகிறது. அதைக் கழற்றிக் கழுவுகிறார்கள். உள்ளே உள்ள உறுப்புகளை மாற்றுகிறார்கள். பணம் செலவாகிறதே தவிர, பல வேளைகளில் குறை தீர்வதில்லை. ஏனெனில் அதன் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. வெடித்துப்போன ஒரு ரப்பர் குழாயின் வழியே கணக்கில் வராத காற்று எஞ்சினுக்குள் புகுந்துகொண்டிருக்கும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் இழுக்கிறது’ என்கிறார்கள்.

இதன் அடிப்படையை முதலில் அறிந்துகொள்வோம். பிஸ்டன் கீழிறங்கும்போது காற்றை உறிஞ்சுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்காத நிலையில் கார்புரேட்டரின் வாயில் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆதலால் அதற்கு அப்பால் உள்ள மேனிஃபோல்டில் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. இதையே வாக்குவம் என்கிறோம். கடல் மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 30 அங்குலப் பாதரசம். நல்ல எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது வாக்குவம் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். வாயில் முழுதும் திறந்தால் அது ஏறத்தாழ இல்லாமற்போகும். எனவேதான் சிறிய கசிவு நெடுஞ்சாலையில் தெரிவதில்லை, நின்றுகொண்டிருக்கும்போது தெரிகிறது.

பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று சுமார் 14.7 பங்கு என்பது எடைக் கணக்கு. கசிவினால் காற்று மிகுந்தால் கலவை நீர்த்துவிடும். அதை மறைக்க ஐட்லிங் திருகையும் கலவைத் திருகையும் திருகிவைப்பது சிலரது வழக்கம். எஞ்சின் நிற்காமல் ஓடும், பெட்ரோலோ வீணாகும்.

கசிவைத் தேடும் முறை எளியது. எஞ்சின் ஆறியபின் பானெட்டைத் திறந்து, மேனிஃபோல்டிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் புறப்படும் ஒவ்வொரு குழாயும் எங்கே சென்று முடிகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மெல்லிய குழாய் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டிலுள்ள வட்டப் பெட்டிக்குச் செல்லும். பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் தடித்த குழாய் ஒன்று அதனிடம் போகும். எஞ்சினின் உட்புகையை வெளியேற்றும் குழாயும் உண்டு. கழற்றுமுன் ஒவ்வொன்றிலும் எண் எழுதி ஒட்டிவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.

குழாயின் நடுப்பகுதியைவிட முனைகளையே கவனமாகப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் அங்கேதான் தோன்றும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, ‘உஸ்’ என்ற ஓசை எழுகிறதா என்று கேளுங்கள். ஒரு முழ நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்புகளின் அருகே நகர்த்தினால் இடம் துல்லியமாகப் புலப்படும். அடுத்து, குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேனிஃபோல்டின் துவாரத்தை அடைத்துப் பாருங்கள். எதை அடைக்கும்போது எஞ்சின் சீராகிறதோ, அந்த வழியில்தான் கசிவு உள்ளது.

டிஸ்ட்ரிபியூட்டர் பெட்டியின் உட்சவ்வைச் சோதிக்க ஊசி போடும் சிரிஞ்சே போதும். அதை அக்குழாயில் இறுகப் பொருத்தித் தண்டைப் பின்னிழுத்து விடுங்கள். தண்டு திரும்பினால் சவ்வு நலம். இழுத்த இடத்திலேயே நின்றால் சவ்வு கிழிந்துள்ளது. மேனிஃபோல்டின் கேஸ்கட்டை ஐயுற்றால், தூரிகையால் சிறிது தண்ணீரைத் தடவுங்கள். கசியும் இடத்தில் தண்ணீர் உள்ளிழுக்கப்பட்டு எஞ்சினின் ஓட்டம் கணநேரம் மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கார்புரேட்டர் கிளீனரையோ தெளிப்பர். சூடான எஞ்சினின்மீது அது தீயை அழைப்பதாகும், வேண்டவே வேண்டாம். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தொங்கும் துண்டு, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை ஃபேன் பெல்ட்டின் அருகே செல்லலாகாது.

இனி, எல்லாவற்றினும் முக்கியமானது பிரேக் பூஸ்டர். மிதிக்கும் காலுக்குத் துணைநிற்பது அதே வாக்குவம்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு, பெடல் கடினமாகும்வரை சிலமுறை மிதியுங்கள். கால் அதன்மீது இருக்கும்போதே எஞ்சினைக் கிளப்புங்கள். பெடல் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்கவில்லையாயின் குழாயோ, அதிலுள்ள ஒருவழி வால்வோ, பூஸ்டரோ பழுதுற்றிருக்கலாம். அவ்வண்டியில் குடும்பத்தை ஏற்றிச் செல்லாதீர்கள்; நல்ல மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

பெருநாள் விடுமுறைக்கு ஊட்டி செல்வோர் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் வாக்குவம் மீட்டர் ஏறக்குறைய 7 அங்குலம் குறைத்தே காட்டும், அது பழுதன்று. மற்றொன்று, பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி மலையிறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிச் செல்வது. எஞ்சின் நின்றால் வாக்குவம் உண்டாகாது. சேமிப்பில் இருப்பது சில மிதிகளுக்கே போதும். அதன்பின் பெடல் கல்லாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. கியரில் வைத்து, எஞ்சினை ஓடவிட்டே இறங்குங்கள்.

பழுதான குழாயை மாற்றும்போது வாக்குவத்துக்கென்றே செய்த, கனத்த சுவருள்ள ரப்பர் குழாயையே வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் உறிஞ்சுதலைத் தாங்காது ஒட்டிக்கொள்ளும். மாற்றியபின் ஐட்லிங்கையும் கலவையையும் மீண்டும் சரிசெய்யச் சொல்லுங்கள்; முன்பு கசிவை மறைக்கத் திருகியவை அப்படியே இருந்தால் பெட்ரோல் வீணாவது நிற்காது.