மௌனம் அங்கே மரியாதை அல்ல

ஆசிரியர் பேசும்போது வாய் திறவாதே. கேட்டால் மட்டும் பதில் சொல். இலங்கைப் பாடசாலைகளில் எமது தலைமுறை கற்ற முதல் ஒழுக்கம் இதுவே. பாடசாலையிலும் ரியூட்டரியிலும் குறிப்பெடுத்து, மனனஞ் செய்து, பரீட்சை மண்டபத்தில் ஒப்புவித்தவனே கெட்டிக்காரன். இதே ஒழுக்கத்துடன் அமெரிக்கக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை அங்கே அக்கறையற்ற மாணவனாக எடைபோடப்படும் அபாயம் உண்டு.

2023/24 கல்வியாண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 11 இலட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டு மாணவர்கள் பயின்றனர். அவர்களுள் பெரும்பாலானோர் ஆசியர்கள். பாட அறிவில் குறைவில்லாத பலரும் தடுமாறுமிடம் வகுப்பறைக் கலந்துரையாடலே. பல பாடநெறிகளில் அதற்கெனத் தனியே புள்ளிகள் உண்டு. மௌனமாக இருப்பவர் வாசிக்காமல் வந்தவராகவே கருதப்படக்கூடும். பேராசிரியரின் கருத்தை மறுப்பது அவமதிப்பன்று. காரணங்காட்டாது மறுப்பதே குறை. அதேவேளை, பிந்தி வருவதும், கைத்தொலைபேசியில் மூழ்குவதும், சக மாணவர் பேசுகையில் இடைமறிப்பதும் அங்கும் அநாகரிகமே.

முதல் வகுப்பில் வழங்கப்படும் பாடத்திட்டம் வெறும் தலைப்புப் பட்டியலன்று. புள்ளிகள் பகிரப்படும் விதம், ஒப்படைகளுக்கான இறுதித் திகதி, வரவு பற்றிய விதி, செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாமா என்பது வரை அதில் இருக்கக்கூடும். அதை வாசியாதவருக்குச் சலுகை கிடைப்பது அரிது. பேராசிரியர் அறிவிக்கும் சந்திப்பு நேரம் மாணவருக்கெனவே ஒதுக்கப்பட்டது. அப்போது சென்று ஐயம் கேட்பது தொந்தரவாகாது.

இன்னொன்று பாரதூரமானது. பாடநூல் வசனத்தை அப்படியே எழுதிப் புள்ளி பெற்ற பழக்கம், அங்கே மூலத்தைக் குறிப்பிடாத கருத்துத் திருட்டாகி ஒழுக்காற்று விசாரணையில் கொண்டுபோய் நிறுத்தும்.

பெற்றோரும் ஒன்றை அறிய வேண்டும். கல்லூரியில் சேர்ந்தபின் பெறுபேறுகள் மீதான உரிமை மாணவருக்கே உரியது என்கிறது 1974ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். இங்கிருந்து பேராசிரியரைத் தொடர்புகொண்டு புள்ளிகளை விசாரித்தால் பொதுவாகப் பதில் கிடைக்காது.

காணியை ஈடுவைத்துப் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அப்பிள்ளைக்கு விமானச்சீட்டுடன் கேள்வி கேட்கும் துணிவையும் கொடுத்தனுப்புவது எமது கடமை. அதற்காகப் பணிவைக் கைவிட வேண்டியதில்லை. பணிவு வேறு, ஊமையாக இருப்பது வேறு. இந்த வேறுபாட்டைக் கற்பிக்க அமெரிக்கா வரை செல்லவேண்டியதில்லை; எமது வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பிள்ளை ஏன் என்று கேட்கும்போது அதட்டாமல் விட்டாலே போதும்.