கையடக்க ஆம்ப்ளிஃபையரும் நம் காதுகளும்



ஆம்ப்ளிஃபையர் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவது எது? திருவிழாவுக்கும் திருமண வீட்டுக்கும் மைக் செட்டுக்காரர் வண்டியில் ஏற்றிக் கொண்டுவரும் கனத்த பெட்டிதானே! அதே தத்துவத்தில் இயங்கும் கருவி இன்று தீப்பெட்டி அளவில், சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் வண்ணம் வந்துவிட்டது. ஸ்மார்ட்போனோடு கம்பியின்றி இணைந்து, ஹெட்போனுக்கு இசையை அனுப்பும் இந்த ப்ளூடூத் ஆம்ப்ளிஃபையர் நமக்குத் தேவையா? இதைப் பற்றிப் பட்டிமன்றம் வைத்தால் இரு தரப்பிலும் பேச ஆள் உண்டு. மாணவியராகிய எங்கள் கருத்து இதுதான்: கருவி நல்லது, ஆனால் அது தெளிவுக்காக உண்டாக்கப்பட்டது, சத்தத்துக்காக அன்று.

முதலில் அது செய்யும் வேலையைப் பார்ப்போம். போனில் உள்ள பாட்டு வெறும் எண்களாகவே சேமிக்கப்பட்டுள்ளது. அவ்வெண்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலைகளில் ஏறிக் கருவிக்கு வருகின்றன. அங்கே ஒரு சில்லு அவற்றை மின்னலையாக மாற்றுகிறது. அடுத்த பகுதி அந்த மின்னலைக்கு வலுவூட்டிக் கம்பி வழியே ஹெட்போனுக்கு அனுப்புகிறது. 'ப்ளூடூத்' என்பது 10ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்டு மன்னரின் பட்டப்பெயராகும். சிதறிக் கிடந்த மக்களை அவர் ஒன்றுசேர்த்ததுபோல் பலவகைக் கருவிகளை ஒன்றுசேர்க்கும் முறை என்பதால், 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடியபோது இப்பெயர் நிலைத்தது. 2016இல் ஐபோன் 7 ஹெட்போன் துளை இல்லாமலே வெளிவந்தது. வேறு பல நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. வீட்டில் நல்ல கம்பி ஹெட்போன் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சிறு கருவி கைகொடுத்தது.

அப்படியானால் எல்லாரும் அப்பாவிடம் ஒன்று கேட்டு வாங்கிவிடலாமா? பொறுங்கள் தோழியரே! பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் படிக்கும் நாம் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடாது. ஹெட்போன் ஒவ்வொன்றுக்கும் மின்மறுப்பு என்னும் ஒருவகைத் தடை உண்டு. அதை ஓம் என்னும் அலகில் குறிப்பர். நாம் அன்றாடம் பயன்படுத்தும் இயர்போன்கள் பெரும்பாலும் 16 அல்லது 32 ஓம் கொண்டவை. அவற்றை இயக்கப் போனின் வலிமையே போதும். ஒலிப்பதிவுக் கூடங்களில் பயன்படும் 250, 300 ஓம் ஹெட்போன்களுக்கே பெரும்பாலும் வெளியிலிருந்து வலுவூட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே சாதாரண இயர்போன் வைத்திருப்பவள், தன் போனில் துளையும் இருந்தால், இதற்காகப் பணம் செலவிடத் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. குறுந்தகட்டில் உள்ள இசை நொடிக்கு 1,411 கிலோபிட் அளவுடையது. ப்ளூடூத்தின் அடிப்படை முறையான எஸ்.பி.சி.யில் அது ஏறத்தாழ 328 கிலோபிட்டாகச் சுருக்கப்படுகிறது. எல்டாக் என்னும் உயர்ந்த முறையிலும் 990 கிலோபிட்தான் உச்ச அளவு. வழியில் விடுபட்டதை ஆம்ப்ளிஃபையரால் மீட்டுத் தர முடியாது. மோசமான பதிவைப் பெருக்கினால் மோசமான பதிவே பெரிதாகக் கேட்கும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இனி எங்கள் அனுபவம் ஒன்றைச் சொல்கிறோம். எங்கள் தோழி ஒருத்தியின் அண்ணன் தம் முதல் சம்பளத்தில் இத்தகைய கருவி ஒன்றும் நல்ல ஹெட்போன் ஒன்றும் வாங்கினார். ஒரு ஞாயிறு மாலை அவள் வீட்டில் கூடி, எங்கள் பாடகர் குழு பாடிய பாட்டை அதில் கேட்டோம். வியந்து போனோம்! போனிலேயே கேட்டபோது ஒரே குரலாக ஒலித்தது, அதில் இரண்டு குரலாகப் பிரிந்து நின்றது. இரண்டாம் குரல் பாடியவர்கள் மூச்சு வாங்கிய இடமும், ஓரிடத்தில் அரைச் சுருதி தவறியதும் தெரிந்தன. அடுத்த பயிற்சியில் அத்தவற்றைத் திருத்திக்கொண்டோம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நாங்கள் நிறுத்தவில்லை. "யார் அதிகச் சத்தம் தாங்குகிறாள், பார்ப்போம்!" என்று பந்தயம் வைத்தோம். வென்ற தோழிக்கு அன்றிரவு முழுவதும் காதுக்குள் வண்டு ரீங்காரமிட்டதாம். மறுநாள் ஆங்கில வகுப்பில் சொல்வதெழுதுதல். சிஸ்டர் சொன்ன சொல் ஒன்று, அவள் எழுதிய சொல் வேறொன்று. "கவனம் எங்கே போயிற்று?" என்று அவளை எழுப்பி நிற்க வைத்தார்கள். அவள் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. பந்தயம் வைத்த நாங்களோ குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தோம். அன்று சொல்லாத உண்மையை இன்று இம்மலர் வாயிலாகச் சொல்கிறோம்: சிஸ்டர், தவறு எங்களுடையது, அவளுடையது மட்டுமன்று.

அவள் காதின் ரீங்காரம் இரண்டு நாளில் தணிந்தது. ஆனால் அது காது கொடுத்த எச்சரிக்கை என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். நத்தை வடிவ உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. வெட்டிய நகம் வளரும். உதிர்ந்த முடியும் வளரும். அழிந்த மயிரணுவோ மனிதருக்கு மீண்டும் வளர்வதில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். சிறுவர்க்கு அது 75 டெசிபல். ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அதாவது 83 டெசிபலுக்கு 20 மணி, 86க்கு 10 மணி, 89க்கு 5 மணி. 12 முதல் 35 வயது வரையுள்ளோரில் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இவ்வகையில் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்நிறுவனம் கூறுகிறது. நம் வயது அதில் அடங்கும் என்பதை மறவாதீர்கள்.

போனே எச்சரிக்கை தருமே என்பீர்கள். உண்மை, பல போன்கள் ஒலியை மிகவும் உயர்த்தினால் எச்சரிக்கின்றன. ஆனால் இடையில் ஆம்ப்ளிஃபையரை வைத்துவிட்டால், அதில் உள்ள தனிக் கட்டுப்பாட்டை நாம் எவ்வளவு திருப்பினோம், எந்த ஹெட்போனை மாட்டினோம் என்பது போனுக்குத் தெரியாது. காவற்காரரை வாசலில் நிறுத்திவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்! அப்போது காவல் பொறுப்பு நம் கைக்கு வந்துவிடுகிறது. பெருக்கும் ஆற்றலைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பெருக்காமல் இருக்கத் தெரிந்தவளே இக்கருவியைப் பயன்படுத்தத் தகுதியுடையவள்.

"இவ்வளவு ஆபத்தென்றால் வாங்கவே வேண்டாம்" என்று பெற்றோர் சிலர் கூறலாம். அதையும் நாங்கள் ஏற்கவில்லை. கத்தி கையை அறுக்கும் என்று யாரும் காய் நறுக்காமல் விடுவதில்லையே! இசை கற்பவளுக்கும் அயல்மொழி உச்சரிப்புப் பழகுபவளுக்கும் இக்கருவி நல்ல துணையாகும். சில பழக்கங்களை மட்டும் கைக்கொள்வோம். ஹெட்போனைக் காதில் மாட்டுமுன் போனிலும் கருவியிலும் ஒலியைக் குறைத்து வைப்போம். பிறகு சிறிது சிறிதாக உயர்த்துவோம். அருகில் இருப்பவர் கூப்பிட்டால் கேட்கும் அளவோடு நிறுத்துவோம். பேருந்தின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. ஆகவே பேருந்தில் அதைப் பைக்குள் வைப்போம். சாலையிலும் தண்டவாளத்தருகிலும் தொடவே வேண்டாம். காதில் ரீங்காரம் கேட்டால் உடனே கழற்றி, ஓய்வு கொடுத்து, வீட்டாரிடம் மறைக்காமல் சொல்வோம்.

வள்ளுவர் 'கேள்வி' என்றே தனி அதிகாரம் வகுத்தார். நம் மொழியில் கேட்டல் என்பது ஒலி காதில் விழுவது மட்டுமன்று; பெரியோர் சொல்வதைக் கேட்பது, ஐயத்தைக் கேட்பது, ஒருவர் துன்பத்தைக் கேட்பது எல்லாம் அதில் அடங்கும். ஆசிரியர் மெல்லச் சொல்லும் சொல்லையும், அடுக்களையிலிருந்து அம்மா அழைக்கும் குரலையும், இருமலுக்கிடையே பாட்டி கேட்கும் ஒரு வாய்த் தண்ணீரையும் எந்த ஆம்ப்ளிஃபையரும் நமக்காகப் பெருக்கித் தராது. அவற்றைக் கேட்க நம் சொந்தக் காதுகளே வேண்டும். அவற்றைக் காப்போம் தோழியரே!

— பத்தாம் வகுப்பு மாணவி