ஓட்டையைக் காட்டியவனா குற்றவாளி?

"கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிபுணர்கள் விஷயம். ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் அதில் என்ன வேலை?" என்று சில மேதாவிகள் கேட்கிறார்கள்.

நாம் திருப்பிக் கேட்கிறோம். நமது பி.எப். கணக்கு எங்கே இருக்கிறது? முதியோர் பென்ஷன் எந்த வழியாக வருகிறது? ரேஷன் கடையில் வைக்கும் கைரேகை எங்கே போகிறது? எல்லாம் கம்ப்யூட்டருக்குள்தானே!

அனகாபுத்தூர் நெசவாளி துணியை வெளிச்சத்தில் பிடித்து, இழை அறுந்த இடத்தைக் கண்டுபிடிப்பார். விவசாயத் தொழிலாளி தண்ணீர் கட்டுமுன் வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்று மிதித்துப் பார்ப்பார். கம்ப்யூட்டர் வலையில் அதே வேலையைச் செய்யும் கருவிதான் ஸ்கேனர். எந்தக் கதவு திறந்து கிடக்கிறது, எந்த மென்பொருள் புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது என்று, தெரிந்த ஓட்டைகளின் பட்டியலை வைத்துத் தட்டிப் பார்த்துச் சொல்லும்.

1998இல் நெசஸ் என்ற கருவி எல்லோருக்கும் இலவசமாக வந்தது. 2005இல் கம்பெனி அதன் மூலத்தைப் பூட்டிக்கொண்டது. ஆனால் பொதுவில் இருந்த பழைய மூலத்திலிருந்து ஓபன்வாஸ் வளர்ந்தது. அது இன்றும் காசில்லாமல் கிடைக்கிறது. ஆகவே "கருவி வாங்கப் பணமில்லை" என்ற சாக்கு செல்லாது!

அலட்சியத்தின் விலை என்ன? 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் சர்வர்கள் தாக்கப்பட்டன. நாட்கணக்கில் கையால் சீட்டு எழுதியே வைத்தியம் நடந்தது. வலையை ஒழுங்காகப் பிரித்து வைக்காததே காரணம் என்று சர்க்காரே பார்லிமெண்டில் ஒப்புக்கொண்டது. வரிசையில் நின்று வாடியது யார்? மந்திரிகளா? ஏழை நோயாளிகள்!

நமக்குப் பக்கத்துத் தாம்பரத்தைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஓர் எண்ணை மாற்றினாலே அயலார் பயண விவரம் தெரிகிறது, அவர் டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியும் என்று கண்டார். சர்க்காரின் செர்ட்-இன் அமைப்புக்கு எழுதினார். சில நாட்களில் ஓட்டை அடைபட்டது. இத்தகைய ஓட்டை ஸ்கேனருக்குச் சுலபமாக அகப்படாது. எந்த டிக்கெட் யாருடையது என்று கருவிக்குத் தெரியாது. "ஸ்கேனர் ஓட்டினோம், சர்டிபிகேட் வாங்கினோம்" என்று கைகழுவ முடியுமா? மனிதக் கண் வேண்டும்.

அந்தக் கண்ணுக்குச் சட்டம் தருவது என்ன? 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, அனுமதியின்றி நுழைந்தவரை நஷ்டஈட்டுக்கு ஆளாக்குகிறது. கெட்ட எண்ணம் என்றால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. எண்ணம் நல்லதா கெட்டதா என்று போலீஸ் ஸ்டேஷனில் எந்தத் தராசில் நிறுப்பார்கள்? திருடன் சொல்லிவிட்டு வருவதில்லை. சொல்ல வருபவன்தான் பயப்படுகிறான்!

2023ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் சட்டம் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. அந்தப் பணம் சர்க்கார் கஜானாவுக்கு! தகவல் பறிபோன தொழிலாளிக்கு அச்சட்டத்தில் காலணா நஷ்டஈடு இல்லை.

நாம் கோருவது இதுதான்: நல்லெண்ணத்தோடு ஓட்டையைக் காட்டுவோருக்குச் சட்டப் பாதுகாப்பு கொடு! மக்கள் தகவலை வைத்திருக்கும் ஒவ்வொரு இலாகாவிலும் கருவியோடு நிரந்தர ஊழியரையும் வை! சோதனை நடந்த தேதியையும், ஓட்டை அடைத்த தேதியையும் பகிரங்கமாக வெளியிடு! நஷ்டப்பட்டவருக்கு நஷ்டஈடு கொடு!

உங்கள் சங்கக் கூட்டத்தில், கிராமசபையில் இக்கேள்விகளை எழுப்புங்கள். வரப்பு உடைந்தபின் கூடி அழுவதில் பயனில்லை!