அரங்கேற்றத்துக்குப் பின் என்ன?

தேக்காவில் பட்டும் சலங்கையும் வாங்கி அரங்கேற்றம் காணும் பிள்ளைகளில் பலர் அத்துடன் நடனத்தை நிறுத்திவிடுகின்றனர். ‘பரதம் சோறு போடுமா?’ என்பதே பெற்றோரின் கவலை.

இலங்கையில் பிறந்து சென்னை கலாஷேத்ராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம், 1974ல் சிங்கப்பூரில் குடியேறினார். 1977ல் கணவர் எஸ். சத்தியலிங்கத்துடன் சேர்ந்து ‘அப்சராஸ் ஆர்ட்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். மக்கள் கழக நடனக் குழுவினருக்கும் கற்பித்தார். சீன, மலாய் நடனமணிகளுடன் இணைந்து பணியாற்றினார். 1989ல் கலாசாரப் பதக்கம் பெற்றார்.

மேடை நிகழ்ச்சி ஆண்டுக்குச் சில நாள்தான். வாடகைக்கு வழிசெய்வது வாராந்தர வகுப்பு. தமிழர் அல்லாதோரையும் ஈர்க்கும் படைப்பு இருந்தால் அரங்கு நிரம்பும்.

2017ல் நீலா மறைந்த பிறகும் அப்சராஸ் ஆர்ட்ஸ் தொடர்ந்து இயங்குகிறது. கலையைத் தொழிலாக்க எண்ணும் இளையர், தமக்குப்பின் யார் பொறுப்பேற்பார் என்பதையும் தொடக்கத்திலேயே யோசிப்பது நல்லது.